கொழுந்து போகும் பாதையும் அரிசி வரும் பாதையும்



இந்த முறை ஒரு பாடம் எழுதுகிறோம். பாடம் என்றதும் பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். இதற்குப் பரீட்சையும் உண்டு. மூன்று நாள் விடாமல் மழை கொட்டி, ரோட்டில் மண் சரிந்து, கரண்டும் போனும் நின்ற பிறகு அந்தப் பரீட்சை நம் லயத்து வாசலுக்கே வந்துவிடும். 2025 நவம்பர் 28ஆம் திகதி கிழக்குக் கரையில் ஏறிய டித்வா சூறாவளி மலைநாட்டின் மேல் மழையைக் கொட்டியபோது, கண்டி மாவட்டத்துத் தோட்டங்களில் இருந்த நாம் எல்லோரும் அதை எழுதினோம். நாடு முழுவதும் 600க்கு மேற்பட்ட உயிர்கள் போயின. மாவட்டங்களில் கண்டியில்தான் சாவு கூடுதல். போன உயிரைப் பற்றிப் பேசினால் மனம் தாங்காது. தப்பிப் பிழைத்தவர்களுக்கு அரிசியும் மருந்தும் வந்து சேர்ந்த கதையை, சேராத கதையையும்தான், இங்கே பார்க்கப் போகிறோம்.

அந்த நாட்களில் நாங்கள் ஒரு தோட்டத்தின் மேல் டிவிசனுக்கு நடந்து போனோம். ரோடு பாதியிலேயே அறுந்து கிடந்தது. கீழே டவுனில் ஒரு மண்டபம் நிறைய சாமான்: உடுப்பு மூட்டை, தண்ணீர்ப் போத்தல், நூடில்ஸ் பெட்டி. மேலே போனால் பிள்ளைக் காம்பராவில் அடைந்து கிடந்த சனங்களிடம் அரிசி முடிந்து ஒரு நாள் ஆகியிருந்தது. வயதான ஓர் அம்மா எங்களைப் பார்த்துக் கேட்டார்: "சாமான் வருது, சாமான் வருதுன்னு மூணு நாளா சொல்றாங்க. வர்ற வழியில அது எங்கதான் நிக்குதோ, யாருக்கும் தெரியலீங்களே!"

அந்த அம்மா கேட்ட கேள்விதான் இந்தப் பாடம் முழுவதும். சாமான் எங்கே நிற்கிறது?

நமக்குத் தெரிந்த சங்கிலி

படித்தவர்கள் இதை விநியோகச் சங்கிலி என்பார்கள். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். அந்தச் சங்கிலியில் நம் பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து நாம் வேலை செய்து வருகிறோம்.

காலையில் மலையில் எடுத்த கொழுந்து என்ன ஆகிறது? கூடையிலிருந்து கொழுந்து மடுவத்துக்கு வருகிறது. அங்கே நிறுக்கிறார்கள், பேர் போடுகிறார்கள். பிறகு சாக்கில் கட்டி லொறியில் ஏற்றி ஸ்டோருக்கு அனுப்புகிறார்கள். ஸ்டோரில் மறுபடி நிறுவை. அங்கே வாட்டி, அரைத்து, தூளாக்கி, பொதி செய்து கொழும்புக்கு அனுப்ப, அங்கே ஏலத்தில் விற்கிறார்கள். கை மாறும் இடத்தில் எல்லாம் நிறுவை உண்டு, எழுத்து உண்டு. லொறி பிந்தினால் சாக்குக்குள் கொழுந்து சூடேறிச் சிவந்துவிடும் என்பதால் நேரத்துக்கும் கணக்கு உண்டு. மலை உச்சியில் கடைசிச் செடியில் எடுத்த அரைக் கிலோ கூட யார் பேரில் எழுதுவது என்று தெரியும். கணக்கு குறைந்தால் நாம் சும்மா விடுவோமா?

இந்தப் பாதையைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். கொழும்பிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ அரிசி கண்டி டவுனுக்கு வருகிறது. அங்கிருந்து பிரதேச செயலகத்துக்கு, பிறகு கிராம உத்தியோகத்தரிடம், அங்கிருந்து தோட்டத்துக்கு, டிவிசனுக்கு, கடைசியில் லயத்துக்கு. அதே ரோடு. பல நேரம் அதே லொறியும்தான். ஆனால் மேலே ஏறி வரும்போது நிறுவையும் இல்லை, எழுத்தும் இல்லை. கீழே போகும் கொழுந்துக்கு இருக்கிற மரியாதை மேலே வரும் அரிசிக்கு இல்லாமல் போகிறது. அதனால்தான் அது எங்கே நிற்கிறது என்று யாருக்கும் தெரிவதில்லை.

கண்டியின் வாசல்கள்

சங்கிலி முதலில் அறுவது ரோட்டில். கண்டி மலைகளால் சூழப்பட்ட ஊர். பழைய ராசாக்களுக்கு அது பாதுகாப்பு, நமக்கோ பல நேரம் அதுவே பொறி. கொழும்பிலிருந்து கடுகண்ணாவைக் கணவாய் வழியாக ஒரு பாதை. குருநாகலிலிருந்து கலகெதர வழி ஒன்று. வடக்கே மாத்தளை, கிழக்கே ஹுன்னஸ்கிரிய வழியாக இறங்கும் மஹியங்கனைப் பாதை. தெற்கே கம்பளையிலிருந்து புசல்லாவை வழி நுவரெலியாவுக்கு ஒன்று, நாவலப்பிட்டி பக்கம் இன்னொன்று. இவை தவிர, கோப்பிக் காலத்தில், 1867இல், கண்டிக்கு வந்து சேர்ந்த ரயில் பாதை.

டித்வாவுக்குச் சில நாள் முன்பே, 2025 நவம்பர் 22ஆம் திகதி, பஹல கடுகண்ணாவையில் மண்ணும் பாறையும் சரிந்து உயிர்கள் போயின. சூறாவளி வந்ததும் கொழும்புப் பாதை மறுபடி மூடப்பட்டது, ரயில் நின்றது, மற்றப் பாதைகளிலும் பல இடங்களில் மண் இறங்கியது. மலைப் பகுதிகளுக்கு விமானப் படையின் ஹெலிகொப்டரில் சாமான் போட வேண்டி வந்தது. பிறகு இந்திய இராணுவத்தார் மஹியங்கனையில் வைத்தியக் கூடாரம் அமைத்தார்கள். ஹெலிகொப்டர் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கக் கூடாது. மேகம் இறங்கினால் அது வராது. வந்தாலும் ஒரு லொறி ஏற்றும் பாரத்தை அது ஏற்றாது. நவம்பர் 30ஆம் திகதி நிவாரண வேலையில் போன ஒரு ஹெலிகொப்டர் லுணுவிலவில் விழுந்து விமானியே உயிரிழந்தார்.

எத்தனை கிலோ?

உதவி கேட்கும்போது நாம் "எல்லாமே வேணும்" என்கிறோம். கேட்பவருக்கு அதில் ஒன்றும் விளங்காது. கணக்குப் போட்டுக் கேட்டால் நமக்கே சில விஷயங்கள் புதிதாகத் தெரிய வரும். ஒரு டிவிசனில் 300 பேர் என்று வைத்துக்கொள்வோம்.

ஐக்கிய நாடுகளின் உலக உணவுத் திட்டத்தார் நெருக்கடி காலத்தில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 400 கிராம் தானியம், 60 கிராம் பருப்பு, 25 கிராம் எண்ணெய், 5 கிராம் உப்பு என்று ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். நம் கணக்கில் போட்டால் 300 பேருக்கு ஒரு நாளைக்கு அரிசி 120 கிலோ, பருப்பு 18, எண்ணெய் ஏழரை, உப்பு ஒன்றரை. மொத்தம் 147 கிலோ. ஐந்து நாளைக்கு 735 கிலோ.

இது எவ்வளவு பாரம்? ஓர் ஆள் 20 கிலோ தூக்கினால் 37 பேர் ஒரே நடையில் தூக்கிவிடலாம்! தினமும் கொழுந்து சுமந்து மேடு பள்ளம் ஏறி இறங்கும் நம் பெண்களுக்கு 20 கிலோ என்ன என்று தெரியும். ரோடு அறுந்த இடம் வரை லொறி வந்துவிட்டால் போதும். இந்தப் பக்கம் ஒரு கேங் ஆள் இருந்தால் முழு டிவிசனுக்கும் ஐந்து நாள் சாப்பாடு மேலே வந்துவிடும். மண் சரிந்த பாதையைக் கடக்கலாமா என்று முதலில் விஷயம் தெரிந்தவர் பார்த்துச் சொல்ல வேண்டும், அது தனி. ரோடு மூடியதால் பட்டினி கிடந்தோம் என்று சொல்வதற்கு முன் நாம் இந்தக் கணக்கை ஒரு தரம் பார்த்திருக்க வேண்டும். ஒன்று மட்டும்: 50 கிலோ மூட்டையாக வந்தால் மலையில் ஏற்ற முடியாது. "பத்துப் பத்துக் கிலோவா கட்டி அனுப்புங்க" என்று கேட்பவர் கேட்க வேண்டும்.

இப்போது தண்ணீரைப் பார்ப்போம். குடிக்க மட்டும் ஓர் ஆளுக்கு 3 லீற்றர் என்றால் 300 பேருக்கு ஒரு நாளைக்கு 900 லீற்றர், அதாவது 900 கிலோ பாரம். ஐந்து நாளைக்கு 4,500 கிலோ. அதே 20 கிலோச் சுமையில் 225 நடை! சாப்பாட்டைப் போல ஆறு மடங்கு. சமைக்க, கழுவ எல்லாம் சேர்த்து ஆளுக்கு 15 லீற்றர் வேண்டும் என்று உலகத்தில் ஓர் அளவு சொல்கிறார்கள். அதைப் போத்தலில் கொண்டு வருவது நடக்காத காரியம். அப்படியிருக்க டவுனில் நல்ல மனசோடு சேர்த்துத் தரும் சாமானில் பெரும் பகுதி தண்ணீர்ப் போத்தல்தான். ஒரு லொறி போத்தல் வரும் இடத்தில் ஒரு சின்னப் பெட்டி குளோரின் வில்லை வந்தால், ஊற்றுத் தண்ணீரையே சுத்தம் செய்து குடித்துவிடலாம். நம் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம், தோட்டத்து டிஸ்பென்சரியில், அதை இப்போதே கேட்டு வைக்க வேண்டும். வில்லை இல்லாவிட்டால் கொதிக்க வைத்த தண்ணீர். கொதிக்க வைக்க விறகு வேண்டும், விறகு காய்ந்திருக்க வேண்டும், அதற்கு ஒதுக்குப்புறம் ஒன்று வேண்டும். சங்கிலி என்பது இப்படித்தான் ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு வரும்.

பாரத்தை முதலில் பார்ப்பது புதிய விஷயமும் இல்லை. இரண்டாம் உலக யுத்தத்தில், 1944இல், மௌன்ட்பேட்டன் பிரபுவின் தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் நம் பேராதனைப் பூந்தோட்டத்தில்தான் இருந்தது. அந்த ஆண்டில் இந்தியாவின் இம்பால் நகரத்தை ஜப்பான்காரர் சுற்றி வளைத்தபோது, உள்ளே இருந்தவர்களுக்கு வாரக் கணக்கில் விமானத்திலேயே சாப்பாடும் மருந்தும் போயின. விமானத்தில் ஏற்றும் ஒவ்வொரு இறாத்தலுக்கும் கணக்கு. வேண்டாத ஒன்றை ஏற்றினால் வேண்டியது ஒன்று கீழே நின்றுவிடும். நம் தோள் சுமைக்கும் அதே சட்டம்தான்.

வேண்டாத சாமானும் ஒரு பாரம்

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி சுனாமி வந்த பிறகு இந்தோனேசியாவின் அச்சே மாகாணத்துக்கு ஏறக்குறைய 4,000 தொன் மருந்து போய்ச் சேர்ந்தது. அதில் பாதிக்கு மேல் அந்த நாட்டு மருந்துப் பட்டியலிலேயே இல்லாதவை. பல பெட்டிகளில் அந்த ஊர்க்காரருக்கு விளங்காத பாஷை. அவற்றை வைக்க இடம் தேட வேண்டும், காவல் போட வேண்டும், கடைசியில் செலவழித்து எரிக்கவும் வேண்டும். கொடுத்தவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை, என்ன வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

நம் பக்கத்திலும் பார்த்தோம். டவுனில் விடியற்காலை சமைத்துக் கட்டிய சோற்றுப் பார்சல், நடைபாதையில் மேல் டிவிசனுக்கு வரும்போது பின்னேரம், திறந்தால் புளித்த வாடை. உடுப்பு மூட்டைகளில் பாதி கட்ட முடியாதவை. அதே நேரம் பிரஷர் மாத்திரை, சீனி வியாதி மாத்திரை, பெண்பிள்ளைகளுக்கு மாதத் துணி, லாம்பு, நெருப்புப் பெட்டி, இவற்றைக் கேட்டு ஆள் அலைந்தது. பெண்களுக்கு வேண்டியதை ஆண்கள் எழுதும் பட்டியலில் எதிர்பார்க்க முடியாது. பட்டியல் எழுதும் மேசையில் இரண்டு பெண்கள் இருக்க வேண்டும். இதில் எங்களுக்கு இரண்டாவது பேச்சில்லை.

பால்மாவைப் பற்றி ஒரு வார்த்தை. கைக்குழந்தைக்கென்று பால்மா டின்கள் தாராளமாக வரும். தண்ணீர் கெட்டுக் கிடக்கும் நேரத்தில் போத்தலில் கரைத்துக் கொடுத்தால் வயிற்றோட்டம் பிடிக்கும். தாய்ப்பால் கொடுக்கும் தாய் தொடர்ந்து கொடுக்கட்டும், தாய்க்குச் சாப்பாட்டைக் கூட்டிக் கொடுங்கள். தாயில்லாப் பிள்ளை, பால் கொடுக்க முடியாத தாய் என்றால் மருத்துவமாதுவைக் கேட்டு அதன்படி செய்யுங்கள்.

யார் பேர் எதில் இருக்கிறது?

இனித்தான் பாடத்தின் கடினமான பகுதி. ரோடு திறந்து, லொறி வந்து, சாமானும் சரியாக இருந்தாலும், "எத்தனை குடும்பம்?" என்று கேட்டால் நம்மிடம் பதில் இருக்கிறதா?

தோட்டத்து ஒபிசில் செக்ரோல் இருக்கிறது என்பீர்கள். செக்ரோலில் இருப்பது வேலைக்குப் பேர் போட்டவர்கள் மட்டும். லயத்தில் இருக்கும் பென்சன் எடுத்த தாத்தா அதில் இல்லை. கொழும்பில் கடையில் நிற்கிற மகனின் பெண்சாதி பிள்ளைகள் அதில் இல்லை. வெளியே கைக்காசு வேலைக்குப் போகிறவர்கள் இல்லை. இன்று லயங்களில் குடியிருப்பவர்களில் பெருந்தொகையானோர் தோட்டத்தில் பேர் இல்லாதவர்கள். கிராம உத்தியோகத்தரிடம் வாக்காளர் பட்டியல் இருக்கிறது, அதில் சின்னப் பிள்ளைகள் இல்லை. ஒரே காம்பராவில் மூன்று குடும்பம் இருந்தாலும் வெளியில் இருந்து பார்ப்பவர் ஒரு கதவைத்தான் எண்ணுவார். நம் தோட்டங்களில் "முத்துலெட்சுமி" என்று கூப்பிட்டால் ஐந்து பேர் திரும்பிப் பார்ப்பார்கள். லயத்துக்குத் தனி விலாசமும் கிடையாது.

கண்டிப் பக்கத்துக்கு இன்னொரு சங்கடம் உண்டு. ஹட்டன் பக்கம்போல மலை மலையாகத் தோட்டம் என்றில்லாமல் இங்கே பல தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கு நடுவில் துண்டு துண்டாகக் கிடக்கின்றன. தோட்டம் பார்க்கும் என்று கிராமத்து ஒபிஸ் நினைக்கும், அரசாங்கம் பார்க்கும் என்று தோட்டம் நினைக்கும். நடுவில் நாம்.

பட்டியல் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் பார்த்தோம். காலை நேரத்தில் லயங்கள் மண்ணுக்குள் போயின. எத்தனை பேர் காணவில்லை என்று கேட்டதற்கு முதலில் நூற்றுக்கணக்கில் சொன்னார்கள், பிறகு அது பல மடங்கு குறைந்தது. யார் உள்ளே இருந்தார்கள், யார் வேலைக்குப் போனார்கள், எந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் என்று உடனே எடுத்துக் காட்ட ஒரு தாள் இல்லை. அந்த மலை ஆபத்து என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது என்பது இன்னும் நெஞ்சை அறுக்கிற விஷயம்.

ஆகவே லயத்துக்கு லயம் நாமே ஒரு பட்டியல் எழுதலாம். ஒரு எண்பது பக்கக் கொப்பி போதும். லயத்து நம்பர், காம்பரா நம்பர், குடும்பத்துக்கு ஒரு வரி. அடையாள அட்டையில் உள்ளபடி பேர், நம்பர், வீட்டில் எத்தனை பேர், அதில் ஐந்து வயதுக்குக் கீழே யார், கர்ப்பிணி யார், நடக்க முடியாதவர் யார், தினம் மருந்து எடுப்பவர் யார், என்ன மருந்து. தமிழில் எழுதி, பக்கத்திலேயே சிங்களத்திலும் எழுதுங்கள். நம் பிள்ளைகளில் சிங்களம் படித்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஒபிசில் பட்டியல் சிங்களத்தில் கைக்கு வந்தால் வேலை ஒரு நாள் முந்தி நடக்கும். மூன்று பிரதி: ஒன்று கிராம உத்தியோகத்தருக்கு, ஒன்று தோட்டத்து ஒபிசுக்கு, ஒன்று பொலித்தீனில் சுற்றி லயத்திலேயே. ஆறு மாதத்துக்கு ஒருமுறை, தைப்பொங்கலுக்கு ஒன்று, ஆடி மாதம் ஒன்று என்று திருத்துங்கள். பிள்ளை பிறக்கும், பெண் கட்டிக்கொடுத்துப் போகும், ஆள் சாகும். பழைய பட்டியல் சண்டையைத்தான் கொண்டு வரும்.

பக்கத்துக் கிராமத்துச் சிங்களக் குடும்பங்களும் அதே மண்சரிவில் சிக்கினால் அவர்களையும் சேர்த்து எண்ணிச் சொல்லுங்கள். அறுந்த ரோட்டைத் துப்புரவு செய்யும்போது அவர்களும் நாமும் ஒன்றாகத்தானே நின்றோம்?

சாமான் வந்த பிறகு

வைக்கும் இடம் மண்சரிவுச் சரிவில் இருக்கக் கூடாது. சனம் படுக்கும் இடமும் சாமான் வைக்கும் இடமும் வேறு வேறாக இருந்தால் நல்லது. எங்கே வைத்தாலும் உர ஸ்டோரில், களை மருந்து வைக்கும் காம்பராவில் அரிசியை அடுக்காதீர்கள். மழையில் வேறு இடம் இல்லை என்று ஓரிடத்தில் அப்படி அடுக்கப் போனதை நாங்கள் கண்ணால் பார்த்துத் தடுத்தோம். பலகை போட்டு, சுவரில் இருந்து ஒரு சாண் தள்ளி அடுக்குங்கள். முந்திக் கெடுவதை முந்திக் கொடுங்கள்.

கொழுந்து மடுவத்துத் தராசு அன்றைக்கு அரிசிக்கு வரட்டும். வந்தது எத்தனை கிலோ, கொடுத்தது எத்தனை, மிச்சம் எத்தனை என்று ஒரு கொப்பியில் எழுதி, சாமான் கொண்டு வந்தவரும் பொறுப்பெடுத்தவரும் கையெழுத்துப் போடட்டும். அதே கணக்கைப் பிரட்டுக்களத்தில் ஒரு பலகையில் எல்லோரும் பார்க்க எழுதி வையுங்கள். "ஆளுக்கு இரண்டு கிலோ அரிசி" என்று பலகையில் இருந்தால் "தலைவர் வீட்டுக்கு மட்டும் மூட்டையா போச்சு" என்ற பேச்சு எழும்பாது. உண்மையாகவே போயிருந்தால் மறைக்கவும் முடியாது. தோட்டத்துத் தலைவர்மார் இதைப் படித்துக் கோபிக்க வேண்டாம். நல்ல தலைவருக்கு இந்தப் பலகைதான் காவல்.

கொடுக்கும்போது லயத்துக்கு லயம் நேரம் சொல்லிக் கூப்பிடுங்கள். வயதானவரையும் பிள்ளைத்தாய்ச்சியையும் மழையில் வரிசையில் நிறுத்தாமல் ஆள் விட்டு வீட்டுக்கு அனுப்புங்கள்.

போன் பேசும் ஆளுக்கு

அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. போன் கிடைத்தால் இரண்டு நிமிடம்தான் கிடைக்கும், பற்றரியும் இறங்கிக்கொண்டிருக்கும். அழுது புலம்ப நேரமில்லை. இப்படிச் சொல்லிப் பழகுங்கள்: "இன்ன தோட்டம், மேல் டிவிசன். 300 பேர், 74 குடும்பம். கைக்குழந்தை 11, கர்ப்பிணி 4. காயம்பட்டவர் இல்லை. அரிசி நாளைக்குக் காலை வரை இருக்கிறது. கோயில் சந்தி வரைக்கும் லொறி வரும், அதற்கு மேலே நடைதான். நாங்கள் 40 பேர் சந்திக்கு வந்து தூக்கிக்கொள்வோம். பத்துக் கிலோ பொதியாக அனுப்புங்கள். தண்ணீர் வேண்டாம், குளோரின் வில்லை வேண்டும்." கேட்கிறவருக்கு இதைவிட என்ன வேண்டும்? முன்பின் தெரியாத ஓர் உத்தியோகத்தரும் இதை அப்படியே எழுதி லொறிக்காரரிடம் கொடுத்துவிடலாம்.

மழை தொடங்கும்போதே கவனிக்க வேண்டிய அளவும் உண்டு. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை என்றால் விழிப்பு, 100 என்றால் புறப்படத் தயார், 150 என்றால் உடனே இறங்கிவிட வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சொல்கிறது. பல தோட்டத்து ஒபிசுகளில் மழைமானி இருக்கிறது. இரவு மழையில் அதைப் பார்த்துச் சொல்லும் பொறுப்பை யாராவது ஒருவர் எடுத்துக்கொள்ளட்டும். பட்டியல் கொப்பியின் பின் அட்டையில் அவருடைய பேரை எழுதி, கீழே சுமை தூக்க வரும் 40 பேரின் பேரையும் எழுதுங்கள்.